நான் போகாத மறுமுனை

மழைக்காலத்தில் திருமுல்லைவாயிலில் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு தண்ணீரில்தான் நிற்க வேண்டும். அது மழைத்தண்ணியா, மற்றதா என்று கேட்காமல் இருப்பது நல்லது. அன்று காலை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது எனக்குக் கேட்கவே தேவைப்படவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி பொங்கி, பின்பக்க டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் சந்து முழுக்கப் பழுப்பாக நின்றது. மேலே ஒரு நுரை. நுரையின் மேல் ஒரு செருப்பு.

பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குமட்டலில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

என் வேலை கேபிள் சோதனை. இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஏசி அறைக்குள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அம்பத்தூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன நிறுவனம். மேனாம்பேட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடலாம். பூமிக்குள் ஓடும் மின்கேபிள் எங்கே பழுதாகியிருக்கிறது என்று தோண்டாமலே சொல்வது எங்கள் தொழில். முதல் நாள் அந்தக் கருவி திரையில் ஒரு கோட்டை வரைந்து காட்டியபோது, கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்துவிட்ட மாதிரி குதித்தேன். இப்போதும் குதிப்பேன். பிரச்சினையே அதுதான்.

சோதனையில் முதல் படி மெக்கர். கேபிளுக்குள் இருக்கும் செம்புக்கோ அலுமினியத்துக்கோ ஐயாயிரம் வோல்ட் கொடுத்து, அதைச் சுற்றியிருக்கும் உறை வழியாக எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்க்கும் கருவி. கசிவு குறைந்தால் எண் ஏறும். நல்ல கேபிள் என்றால் ஆயிரக்கணக்கான மெகா ஓம் காட்டும். கெட்டது இரண்டு, மூன்று என்று இருமும்.

இந்தத் துறையில் எனக்கு அருவருப்பான விஷயம் ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து அளவெடுப்பவர்கள். போன வருடத் தாளைப் பார்த்து, ஐந்நூறைக் கூட்டியோ குறைத்தோ இந்த வருடத் தாளில் எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள். அப்படி எழுதிய தாளைத் தொட்டாலே கை கழுவத் தோன்றும். அவர்களில் ஒருத்தியாக ஒருநாளும் ஆக மாட்டேன் என்று அலுவலகத்தில் எல்லோர் காது படவும் சொல்லியிருந்தேன்.

அன்று விடியற்காலை மழையில் அந்தக் குடியிருப்பின் மின்சாரம் போயிருந்தது. வாசலில் மீட்டர் அறை. அங்கிருந்து பின்பக்க டிரான்ஸ்ஃபார்மர் வரை முந்நூற்று நாற்பது மீட்டருக்குப் பதினோராயிரம் வோல்ட் கேபிள் பூமிக்குள் போகிறது. அதன் நடுவில் ஒரு ஜாயின்ட். இரண்டு வருடம் முன்பு சாக்கடைக் குழாய் போட வந்த இயந்திரம் கேபிளை அறுத்துவிட, அதை ஒட்டிச் சேர்த்த இடம். அதைச் சேர்த்தவரை எனக்குத் தெரியும். ஆவடிக்குப் பக்கத்தில் சர்ச்சுக்கு அடுத்த காலனியில் குடியிருக்கிறார். எங்கள் ஓனருக்குத்தான் ஜாயின்ட் வேலை செய்து தருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஜாஸ்தி, கை சுத்தம்.

அந்த மாதம் அவருக்கு ஒரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. பெரிய கேபிள் ஒப்பந்தக்காரர் ஒருவர் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: இதுவரை இவர் போட்ட ஜாயின்ட் ஒன்றுகூடப் பழுதானதில்லை என்று எங்கள் ஓனர் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. முந்தின வாரம்தான் அவர் என்னிடம் "மேடம், ஞாயித்துக்கெழம மாஸ்ல உங்களுக்கும் சேத்து வேண்டிக்கறேன், அந்தப் பேப்பர மட்டும் ஞாபகப்படுத்துங்க" என்று சொல்லியிருந்தார்.

மீட்டர் அறையில் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் காத்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் லுங்கியை மடித்துக் கட்டியபடிதான் இருப்பார், ஹை டென்ஷன் அறையிலும்.

"இன்னா மேடம், லேட்டு? மேல எல்லாரும் கத்திகினு கீறாங்கோ. லிப்டு இல்ல, வைபை இல்ல. ஒரு சார் எறங்கி வந்து என்னையே மொறைக்கிறாரு, நான் இன்னாவோ கேபிள கடிச்சிட்டா மாரி."

கேபிளுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள். சோதிக்க அவற்றின் இரண்டு முனையையும் கழற்ற வேண்டும். இந்த முனையை நானே கழற்றினேன். அந்த முனை பழுப்புத் தண்ணீருக்கு அப்பால், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் இருந்தது.

நான் சந்துப் பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் மேடம் அதுல எறங்கினு? நான் போய் கயட்டிட்டு போன் போடறேன்."

போனார். கால் மணி நேரத்தில் அழைத்தார். "மூணும் கயட்டி தனித்தனியா தூக்கி வுட்டுகீறேன். கிளீனா கீது. நீ அடி."

கிளீனாக இருக்கிறது என்று அவர் சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன்: மறுமுனை — கழற்றப்பட்டது, சுத்தம்.

அடித்தேன். சிவப்பு, ஆயிரங்களில். நீலம், ஆயிரங்களில். நடுவில் இருந்த மஞ்சள், இரண்டு. ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்தேன். இரண்டுதான்.

இந்த இடத்தில் நான் எவ்வளவு கவனமானவள் என்று சொல்லியாக வேண்டும். கேபிள் முனையின் மேற்பரப்பில் தூசியோ ஈரமோ இருந்தால், மின்சாரம் உறைக்குள் கசியாமல் அந்த அழுக்கின் மேலேயே நடந்து தரைக்குப் போய்விடும். கருவியோ கேபிள் கெட்டுவிட்டது என்று காட்டும். அதைத் தவிர்க்க மெக்கரில் மூன்றாவதாக ஒரு துளை உண்டு. கார்டு என்பார்கள். அதிலிருந்து ஒரு வயரை எடுத்து முனையின் உறையைச் சுற்றிக் கட்டினால், மேற்பரப்பில் நடக்கும் கசிவு கணக்கில் சேராது. எங்கள் ஊரில் அந்த வயரை யாரும் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் அது பெட்டியிலேயே இல்லை. கழிவறையில் தரை துடைக்கும் துணி காயப்போடும் கொடியாக இருந்தது. சேர்ந்த முதல் வாரமே அதை அவிழ்த்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, என் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வயரைக் கட்டினேன். திரும்ப அடித்தேன். இரண்டு.

ஆக, மேற்பரப்பு அழுக்கு இல்லை. கசிவு உள்ளேதான். மனசுக்குள் ஒரு துள்ளல். எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தால் வாயில் ஏதோ புளிக்கிறது.

அடுத்த கருவியைப் பொருத்தினேன். இது கேபிளுக்குள் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பும். வழியில் எங்காவது தட்டினால் எதிரொலி திரும்பி வரும். வந்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். நூற்றித் தொண்ணூறு மீட்டரில் கோட்டில் ஒரு மேடு. வரைபடத்தைப் பிரித்தேன். நூற்றித் தொண்ணூறில்தான் அந்த ஜாயின்ட்.

இரண்டு மெகா ஓம் போன்ற மெல்லிய கசிவை இந்தத் துடிப்பு கண்டுகொள்ளாது என்று எனக்குத் தெரியும். ஜாயின்ட் இருந்தாலே, அது நல்ல ஜாயின்டாக இருந்தாலும், கோட்டில் மேடு தெரியும் என்பதும் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். ஆனால் எண் இருந்தது, மேடு இருந்தது, மேலே பால்கனிகளில் ஆட்கள் இருந்தார்கள். நான் ஓனரை அழைத்தேன்.

"சார், ஜாயின்ட் போயிடுச்சு. கார்டு போட்டுத்தான் எடுத்தேன்."

"கன்ஃபார்மா?"

"கன்ஃபார்ம் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். மேசையில் ஒரு தாளை இழுக்கும் சத்தம் கேட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஜாயின்டர் பதினோரு மணிக்கு வந்தார். பைக்கை நிறுத்தியதும் நேராக என்னிடம் வந்தார்.

"எவ்ளோ வருது?"

"ரெண்டு."

"என் ஜாயின்டா?"

"நூத்தித் தொண்ணூறுல காட்டுது."

"ஜாயின்ட்னா காட்டத்தான் செய்யும். கல்யாண ஊட்ல மோளம் அடிக்கிற மாரி. அதுக்காக சாவா விழுந்துச்சு?"

"கார்டு போட்டுத்தான் பாத்தேன். மேல அழுக்கு இல்ல."

"அந்த முனை?"

"கிளீன்" என்றேன். யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே தாளில் எழுதியதைத்தான் வாசித்தேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. என் வார்த்தையையே அளவீடாக எடுத்துக்கொண்டார்.

குழந்தைகள் பூங்காவில், சறுக்குமரத்துக்குப் பின்னால் தோண்டினார்கள். நான்கடி போனதும் தண்ணீர் ஊறியது. பக்கத்தில் ஓடிய சாக்கடைக் குழாயிலிருந்து வரும் தண்ணீர். மோட்டார் வைத்து இறைக்க இறைக்க ஊறியது. தோண்டிய இருவரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். நான் மேலே நின்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி டேப்பைப் பிடித்து "இன்னும் அரையடி இந்தப் பக்கம்" என்று சொன்னேன். பூங்கா பெஞ்சில் நின்றிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், "ஏனுங்க மேடம், ஒரு மணிக்குள்ளார வந்துருமுங்களா? எனக்கு மீட்டிங் இருக்குதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குழிக்குள் ஆட்கள் எதில் நிற்கிறார்கள் என்று அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜாயின்ட் கறுப்பாக, பெரிய வாழைப்பூ மாதிரி வெளியே வந்தது. ஜாயின்டர் அதைக் கழுவினார். இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, அதை மண்மேட்டில் வைத்து நீளவாக்கில் கத்தியால் பிளந்தார்.

உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுற்றிய பட்டைகள் வரி பிசகாமல், போட்ட அன்று மாதிரியே இருந்தன. நடு உலோகம் பளபளவென்று கண்ணைக் குத்தியது. அந்த நாற்றத்துக்கு நடுவில் அன்று நான் பார்த்த ஒரே சுத்தமான பொருள் அதுதான்.

அவர் இரண்டு பாதியையும் என் கால் பக்கம் திருப்பி வைத்தார்.

"இப்ப அளங்க" என்றார்.

கேபிள் இப்போது இரண்டு துண்டு. குழியிலிருந்து வாசல் வரை ஒன்று, குழியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை ஒன்று. வாசல் துண்டு, ஆயிரங்களில். டிரான்ஸ்ஃபார்மர் துண்டை அடித்தேன்.

இரண்டு.

மறுமுனைக்கு இனி யாரையும் அனுப்ப முடியாது. பேண்ட்டை மடித்துக்கொண்டு அந்தச் சந்தில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரை வந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. குளிர்ந்திருந்தால்கூட ஒருமாதிரி இருந்திருக்கும். காலில் ஏதோ மெத்தென்று மோதிவிட்டுப் போனது. எலக்ட்ரீஷியன் முன்னால் நடந்தார்.

"நான்தான் சொன்னேனே மேடம். கிளீனா கீது. நீ பூஜைக்கு வச்சது அப்படியே கீது, ஒண்ணும் கலையல."

எனக்கு நடை நின்றுவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தக் குடியிருப்பில் வருடாந்திரப் பராமரிப்பு. எல்லாவற்றையும் அணைத்து, திறந்து, துடைத்து, நானே சோதித்து, அழகான எண்கள் எழுதினேன். அன்று இந்த மறுமுனைக்கும் வந்திருந்தேன். சந்து காய்ந்து கிடந்தது. வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் தட்டில் சந்தனமும் குங்குமமும் பொரியும் சர்க்கரையும் கொண்டுவந்தார். "உன் கையால வையி மேடம்" என்றார். எங்கள் ஊரில் சுவிட்ச் போர்டு, ஸ்பேனர், கால்குலேட்டர் எதையும் விட மாட்டோம். நானும் வைத்தேன். மீட்டர் பெட்டிக்கு, ஜெனரேட்டருக்கு, பம்புக்கு. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி திறந்துதான் இருந்தது. உள்ளே மூன்று முனைகள் வரிசையாக, கருஞ்சிவப்பு நிறத்தில், ஒரு சன்னதி மாதிரியே நின்றன. ஓரத்து இரண்டுக்கும் பொட்டு. நடுவில் இருந்ததற்கு வெறும் பொட்டு போதவில்லை என்று தோன்றியது. மூன்று விரலால் சந்தனத்தைக் குழைத்து மேலிருந்து கீழே வரை ஒரே இழுப்பு. அதன் மேல் குங்குமம், அடியில் ஒரு பிடி பொரியும் சர்க்கரையும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். ஓனர் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார்.

பெட்டிக் கதவின் ரப்பர் பட்டை எப்போதோ போய்விட்டிருந்தது. டார்ச் அடித்தேன்.

மழைச்சாரலில் ஊறிய சந்தனம் கூழாகி, குங்குமத்தோடு கலந்து, சீழ் பிடித்த புண் மாதிரி தொங்கியது. பொரிக்கும் சர்க்கரைக்கும் வந்த எறும்புகள் அதில் ஒட்டிச் செத்திருந்தன. கரப்பானின் எச்சம். ஒரு பூனை முடியோ எலி முடியோ. அந்தக் கூழின் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு கருகிய கோடு, மரத்தின் வேர் போலக் கிளை பிரிந்து ஓடியது. விடியற்காலையில் மின்சாரம் நடந்த பாதை. நான் போட்டுக் கொடுத்த பாதை. கெட்டுப்போன பால் நாற்றம் வேறு.

ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். துணி மாற்றினேன். மறுபடி துடைத்தேன். கருகல் மேலோடுதான், துடைத்துத் தேய்த்ததும் விட்டது. கருவியைக் கட்டி அடித்தேன். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, ஆயிரங்களைத் தாண்டியது. என் வாழ்க்கையில் நல்ல அளவு ஒன்று என்னை இவ்வளவு அசிங்கப்படுத்தியதில்லை. நான் வாசலில் கட்டிய கார்டு வயர் வாசல் முனையின் அழுக்கை மட்டும்தான் விலக்கும். முந்நூற்று நாற்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் அழுக்குக்கு அதற்குக் கை நீளாது. அங்கே ஆள்தான் போக வேண்டும்.

"பாத்தியா மேடம்," என்றார் எலக்ட்ரீஷியன், "சாமி மேல பழி போடாத. நீதான் பொட்ட ரொம்ப நீளமா இழுத்துட்ட."

அங்கிருந்தே ஓனரை அழைத்தேன். முழுவதும் கேட்டார்.

"வெட்டியாச்சுல்ல?"

"வெட்டியாச்சு சார்."

"அப்ப ஜாயின்ட்ல தண்ணி எறங்கிடுச்சுன்னு எழுதிடும்மா. யாரு பாக்கப் போறா? கேபிள் சரியாயிடும், சங்கத்துக்கும் சமாதானம். அந்த ஆள நான் பாத்துக்கறேன். வேற எடத்துக்குப் போகாம நம்மகிட்டயே இருப்பான்."

அதைக் கேட்டபோது அருவருப்பாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதற்கு முன்னால் ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே தோள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. கரப்பான் எச்சம், சந்துத் தண்ணீர் எல்லாவற்றையும்விட அந்த ஒரு நொடிதான் இன்றைக்கும் என் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சுவரில் சாய்ந்து நின்றபடியே கைப்பேசியில் அறிக்கை எழுதினேன். பழுது: மறுமுனையில், மஞ்சள் ஃபேஸ் மேற்பரப்பில், பூஜைச் சந்தனம். வைத்தவர்: சோதனை செய்தவரே. முதல் சோதனையின்போது மறுமுனை நேரில் பார்க்கப்படவில்லை. ஜாயின்ட்: பிளந்து பார்க்கப்பட்டது, உலர்ந்து, குறையின்றி இருந்தது. கீழே மூன்று படங்கள். ஒன்று என் ஸ்டேட்டஸிலிருந்து. சங்கத்துக்கும் ஜாயின்டருக்கும் ஓனருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். யோசித்தால் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பூங்காவுக்குத் திரும்பியபோது ஜாயின்டர் குழி விளிம்பில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சேன்" என்றார்.

"மன்னிச்சிருங்க."

"பேப்பர்ல நல்லாத்தான் எழுதிட்டீங்க. இப்ப இந்தப் பீத்தண்ணில யாரு எறங்கறது? ஒரு ஜாயின்ட் இருந்த எடத்துல ரெண்டு போடணும், நடுவுல துண்டு வச்சு. சாயங்காலம் ஆவும்." சட்டையைக் கழற்றிச் சறுக்குமரத்தில் போட்டார். "நெத்தி வேர்வை ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் ஜாயின்ட் போச்சு. தொடைக்க ஆள் வேணும். எறங்குங்க மேடம். மூக்க மூடாதீங்க, ரெண்டு கையும் வேணும்."

இறங்கினேன்.

நான்கு மணி நேரம். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துவைத்த துண்டு. அவர் ஒவ்வொரு முறை கேபிளைத் துடைக்கும்போதும் ஒரே திசையில், ஒரு தாளை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் துடைத்தார். முழங்கால் வரை மலத்தில் நின்றுகொண்டு, கையளவு இடத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். ஒரே ஒருமுறை வாந்தி வந்தது. "மேல போய் எடுங்க" என்றார், நிமிராமல். செயலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மேடம், அறிக்கை பாத்தேனுங்க. இனிமே பூஜைக்கு உங்களக் கூப்புடமாட்டோமுங்க" என்றார். இரண்டு மூன்று பால்கனிகள் சிரித்தன.

சாயங்காலம் கடைசிச் சோதனை. அவர் கேட்பதற்கு முன்னாலேயே சந்தில் இறங்கி, மறுமுனைக்குப் போய், பார்த்து, துடைத்து, திரும்பி வந்து அடித்தேன். எண்ணைச் சொன்னேன்.

அவர் பிளந்த ஜாயின்டின் இரண்டு பாதிகளையும் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு?"

"உங்க ஓனரு இனிமே லெட்டர்ல கையெழுத்துப் போடுவாருன்னு நெனைக்கிறீங்களா? இதான் என் லெட்டரு."

ஓனர் போடவில்லை. ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் அந்த இரண்டு பாதியையும் மேசையில் வைத்து, கூடவே என் அறிக்கையையும் காட்டியிருக்கிறார். எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் செய்தி அவர் சொல்லித் தெரியவில்லை, எலக்ட்ரீஷியன் சொன்னார். நான் இன்னும் அதே ஓனரிடம்தான் இருக்கிறேன். அவர் என் அறிக்கைகளை இப்போது இரண்டு தடவை படிக்கிறார், எங்கே உண்மையை எழுதிவிட்டேனோ என்று.

எப்போதாவது வானகரம் பக்கம் ஏதாவது குழி ஓரத்தில் ஜாயின்டரைப் பார்ப்பேன். வணக்கம் எல்லாம் கிடையாது. குழிக்குள்ளிருந்தே, சுற்றி நிற்கிறவர்கள் காதில் விழும்படி, "இன்னா மேடம், அந்தப் பக்கம் போய் பாத்தீங்களா?" என்பார்.

"பாத்துட்டேன்" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகிறது. பார்த்திருந்தாலும்.